டுவேன் படுத்துப் பார்த்த ஜன்னல்

மார்லிஸ் டாலெஃப்சனும் நானும் ஒரே பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தோம். அவளுக்கு அடுப்புப் பக்கம், எனக்குப் பரிமாறுகிற பக்கம். அவளுக்குக் குரல் பெரிது. வரிசையில் முந்துகிற பிள்ளைகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், அப்பன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். "ஏய் ரான் மகனே, உங்கப்பனும் இப்படித்தான் குறுக்கே பூருவான். அவனுக்கும் கடைசியிலதான் சோறு போட்டேன். பின்னாடி போ!" என்பாள். பிள்ளைகளுக்கு அவளிடம் பயம் கிடையாது. அவள் விடுப்பு எடுத்தால் மட்டும் அவர்கள் முகம் வாடிப்போகும்.

அவள் கணவர் டுவேன் பால் லாரி ஓட்டினார். விஸ்கான்சினின் மேற்கு ஓரத்தில், எங்கள் பக்கத்துக் குன்றுகளுக்கு நடுவே, பண்ணை பண்ணையாகப் போய்க் குழாயை மாட்டிப் பாலை உறிஞ்சி, சீஸ் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பாலோடு ஊர்ச் சேதியையும் ஏற்றிக்கொண்டு வருவார். எந்தத் தொழுவத்தில் கன்று செத்துப் பிறந்தது, யார் மகள் கோபித்துக்கொண்டு நகரத்துக்குப் போனாள், எல்லாம் அவர் வாயில் வரும். ஒரு வீட்டுச் சேதியை அடுத்த வீட்டில் சொல்லும்போது கொஞ்சம் இனிப்புப் போட்டுத்தான் சொல்வார். அதனால் அவர் மேல் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மார்லிஸ் என்னிடம் ஒரே ஒருமுறை பேசினாள். "வரல. நாங்களும் கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு ரொம்ப நாள் உக்காந்திருந்தோம். அப்புறம் சாத்திட்டோம்" என்றாள். அவ்வளவுதான்.

முதலில் போனது டுவேனின் வலது கைப் பிடி. பால் குழாய் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்று பால் எடுக்கப் போயிருந்த நெஸ்டிங்கன் பண்ணையில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த மாதமும் விழுந்தது. பிறகு சட்டைப் பித்தான் போட முடியவில்லை. நகரத்து மருத்துவமனையில் பல நாள் அலைந்த பிறகு நோயின் பெயரைச் சொன்னார்கள். நரம்பு ஒவ்வொரு தசையாகக் கைவிட்டுக்கொண்டே போகும் நோய். கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. இரண்டு வருடம் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம் என்றார்கள்.

மறுநாள் மார்லிஸ் வேலைக்கு வந்தாள். மக்ரோனி கிண்டினாள். பாத்திரம் கழுவும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என்னிடம் சொன்னாள். "மாடிப்படிதான் கவலையா இருக்கு" என்றாள். கணவர் சாகப்போகிறார் என்ற செய்தியை அவள் சொன்ன விதம் அது.

அவர்கள் குடியிருந்தது ஊருக்குள் இருந்த பழைய வீடு. குளியலறை மாடியில். படி செங்குத்து. கதவுகள் ஒல்லி, சக்கர நாற்காலி நுழையாது. ஊருக்கு வெளியே, மாவட்டச் சாலை ஓரத்தில், மார்லிஸின் அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் நெஸ்டிங்கன் பண்ணை. பழைய வீட்டை விற்றுவிட்டு அந்த நிலத்தில் ஒரே தளமாகச் சின்ன வீடு கட்டுவது என்று முடிவு செய்தார்கள். வாங்கியவர்கள் நல்லவர்கள். ஜனவரி கடைசி வரை அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

வீடு கட்டித்தர கர்ட் எப்னர் வந்தார். மார்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவர், டுவேனோடு மீன் பிடிக்கப் போகிறவர். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு வருடத்துக்குச் சில வீடுகள் கட்டுவார். மார்லிஸின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரே படம் போட்டார். அகலமான கதவுகள், வாசலில் படிக்குப் பதில் சரிவு, தடுப்பே இல்லாமல் நாற்காலியோடு உள்ளே போகிற குளியலறை, உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் விளக்கு சுவிட்சுகள். மார்லிஸ் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டுவேனும் பார்த்தார். எல்லாம் சரி என்றார்கள்.

வசந்தத்தில் மண் இளகியதும் தோண்டினார்கள். கோடையில் மரச்சட்டங்கள் எழும்பின. அதற்குள் டுவேனின் கால்களும் போய்விட்டன. பேச்சு குழறத் தொடங்கியது. லாரியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். பழைய வீட்டின் சாப்பாட்டு அறையில் மருத்துவக் கட்டில் போட்டு அவரைக் கிடத்தியிருந்தாள் மார்லிஸ். அந்த அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டின் வெள்ளைச் சுவரைப் பார்த்து இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் போகிற இடம்தான்.

செப்டம்பர் கடைசியில் கர்ட் கூப்பிட்டார். கூரை போட்டாயிற்று, ஜன்னல்கள் வைத்தாயிற்று, குழாய், மின்கம்பி எல்லாம் சட்டங்களுக்கு நடுவே ஓடிவிட்டன, அரசாங்கத்து ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லியாயிற்று. அடுத்த வாரம் குளிருக்குக் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, அதன் மேல் சுவராக ஜிப்சம் பலகை அடித்துவிடுவார்கள். "அடிச்சு மூடிட்டா அப்புறம் எதை மாத்தணும்னாலும் உடைக்கணும். அதுக்கு முன்னால வந்து ஒரு தடவ பாத்துடுங்க" என்றார். கட்டுகிற எல்லாருக்கும் அவர் சொல்வதுதான். மார்லிஸ் என்னையும் வரச் சொன்னாள். நாற்காலியைத் தள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது.

வாசல் சரிவு இன்னும் போடவில்லை. கர்ட்டின் ஆட்கள் இரண்டு பலகைகளைச் சாய்த்துப் போட்டு, டுவேனை நாற்காலியோடு ஏற்றினார்கள்.

"பாத்துடா, என்னைக் கீழ போட்டா பால் கொட்டிடும்" என்றார் டுவேன். எங்களுக்கு அது ஒரு முனகலாகத்தான் கேட்டது. மார்லிஸ்தான் எடுத்துச் சொன்னாள். அந்த நாட்களில் அவள்தான் அவருடைய வாய்.

உள்ளே மரவாசனை. அறைகள் இருந்தன, சுவர்கள் இல்லை. சமையலறையில் நின்றால் குளியலறை, அதைத் தாண்டிப் படுக்கையறை, அதையும் தாண்டி வெளியே நிறுத்தியிருந்த எங்கள் கார் வரைக்கும் சட்டங்களின் இடுக்கு வழியாகத் தெரிந்தது. டுவேன் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றான்?" என்றார் கர்ட்.

"நீ ரொம்பக் குண்டாயிட்டேங்கறான்" என்றாள் மார்லிஸ்.

டுவேன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அவர் சொன்னது, "இப்படியே விட்டுடு, மார்லி எங்க போய் ஒளிஞ்சாலும் தெரியும்" என்று. அதை அங்கே சொல்ல அவளுக்கு வெட்கம், பின்னால்தான் என்னிடம் சொன்னாள்.

கர்ட் ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டு வந்தார். குளியலறையில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறுக்காக அடித்திருந்த தடித்த கட்டையைத் தட்டினார். "கைப்பிடி இதுல வரும். வெறும் பலகையில திருகினா பிடிச்சு எந்திரிக்கறப்போ கையோட வந்துடும். இது நீ குதிரையக் கட்டினாக்கூட வராது." படுக்கையறை உத்தரத்தில் இன்னொரு பெரிய கட்டை இருந்தது. பின்னாளில் டுவேனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, ஆளைத் தூக்குகிற கருவி ஒன்று மாட்டவேண்டி வரும், அதற்காக. அதைக் காட்டும்போது கர்ட்டின் குரல் இறங்கிப்போயிற்று. டுவேன் அந்தக் கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு, "என்னைப் படுக்க வை" என்றார்.

மார்லிஸுக்கு முதலில் புரியவில்லை. "களைப்பா இருக்கா? வீட்டுக்குப் போலாமா?"

"இல்ல. இங்க. கட்டில் வர்ற எடத்துல."

கர்ட்டின் ஆட்கள் மரம் அறுக்க வைத்திருந்த இரண்டு தாங்கிகளைக் கொண்டுவந்து, அதன் மேல் பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டார்கள். மருத்துவக் கட்டில் எவ்வளவு உயரம் என்று மார்லிஸ் தன் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். அந்த உயரத்துக்குச் சரிசெய்தார்கள். கர்ட் தன் கோட்டைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்தார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து டுவேனைத் தூக்கிக் கிடத்தினோம். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு இலேசாக இருந்தார். யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கு, ராஜா?" என்றாள் மார்லிஸ்.

டுவேன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பக் கண் காட்டினார். திருப்பிவிட்டாள். அவர் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"என்னடா தெரியுது?" என்றார் கர்ட்.

"வானம்" என்றார் டுவேன். அது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. "வானம் மட்டும்தான்."

கர்ட் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தலையோடு தன் தலையை வைத்துப் பார்த்தார். ஜன்னலின் அடிச்சட்டம் அவர்கள் கண்ணுக்கு மேலே இருந்தது. நின்றால் அதே ஜன்னலில் சாலை தெரிந்தது, நெஸ்டிங்கனின் சிவப்புத் தொழுவம் தெரிந்தது, மேய்ச்சலில் மாடுகள் தெரிந்தன. படுத்தால் ஒரு மின்கம்பத்தின் தலையும் மேகமும்தான். கர்ட் உடனே எழுந்திருக்கவில்லை.

"நின்னுக்கிட்டுப் பாக்கறவன் கண்ணுக்கு வரைஞ்சிட்டேன்" என்றார்.

"பரவாயில்ல விடு" என்றாள் மார்லிஸ் உடனே. "கட்டில் தலைமாட்டைத் தூக்கிக்கலாம். நாற்காலியில உக்கார வெச்சுப் பாக்கலாம்."

டுவேன் இல்லை என்று கண்ணை மூடித் திறந்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மார்லிஸ் எடுத்துச் சொல்லாமல் நின்றாள். கர்ட்டே குனிந்து கேட்டுக்கொண்டார். ஜன்னலைக் கீழே இறக்கவேண்டும், சாலை தெரியவேண்டும், பால் லாரி நெஸ்டிங்கன் வீட்டுக்குத் திரும்புவது தெரியவேண்டும்.

"இறக்கலாம்" என்றார் கர்ட். "சட்டத்த அறுத்து இறக்கறது ஒரு நாள் வேலை. ஆனா கண்ணாடி வேற அளவு. சொல்லிச் செய்யணும். ஆறு வாரம் ஆகும்பாங்க. பலகை அடிக்கறவன் திங்கக்கிழமை வர்றான், அவனை விட்டா அடுத்த வேலைக்குப் போயிடுவான்."

"வேண்டாம்" என்றாள் மார்லிஸ். "திங்கக்கிழமையே அடிக்கட்டும்."

"மார்லி" என்றார் டுவேன்.

"வேண்டாம்னா வேண்டாம். ஆறு வாரமாம்ல? நமக்கு ஏது ஆறு வாரம்?" அவள் குரல் அந்தச் சுவரில்லாத வீடு முழுக்கப் போயிற்று. "நமக்கு நேரம் இல்ல டுவேன்."

அதுவரை அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கர்ட்டின் ஆட்கள் இருவரும் எதையோ எடுக்கப் போகிறவர்கள் போல வெளியே போனார்கள்.

டுவேன் கோபப்படவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு இருக்குற நேரம் பூரா படுத்துத்தான் போகப்போகுது. எதைப் பாத்துக்கிட்டுக் கெடக்கறதுன்னாவது நான் சொல்றேனே." இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பிறகு பலகையில் தனக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தைக் கண்ணால் காட்டினார். "நீயும் வா. வந்து படுத்துப் பாரு. தெரியும்."

"அந்தப் பலகை ரெண்டு பேரைத் தாங்காது" என்றாள் மார்லிஸ். கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். படுக்கையறையிலிருந்து சட்டங்களின் இடுக்கு வழியாக, காருக்குள் அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அது டுவேன் கண்ணில் படாதபடி நான் நகர்ந்து மறைத்து நின்றேன்.

அன்று சாயங்காலமே அவள் கர்ட்டைக் கூப்பிட்டு, "ஜன்னலை இறக்கு" என்று சொல்லிவிட்டாள்.

கர்ட் மறுநாளே சட்டத்தை அறுத்தார். பலகை அடிக்கிறவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஜன்னல் ஆறு வாரத்தில் வந்தது, வந்தபோது கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். திருப்பி அனுப்பினார்கள். நவம்பரில் பனி விழுந்தது. சுவரில் அந்தப் பெரிய ஓட்டையைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். சாலையில் போகும்போது அது காற்றில் உப்பி உப்பி அடங்குவதைப் பார்ப்போம். மார்லிஸ் அந்தச் சாலையில் போவதையே விட்டுவிட்டாள்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றிப் பண்டிகைக்குப் பிறகு டுவேனுக்குச் சளி பிடித்தது. வெறும் சளிதான். ஆனால் இருமித் துப்ப அவருக்குப் பலம் இல்லை. நெஞ்சில் கட்டிக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்தோம்.

இரண்டாவது ஜன்னல் அந்த வாரம்தான் வந்தது. வந்த அன்றே கர்ட் அதை மாட்டினார். மாட்டிவிட்டு அவர் செய்ததை அவருடைய ஆட்கள் பின்னால் ஊர் முழுக்கச் சொன்னார்கள். கட்டில் போடும் இடத்தில் மறுபடி அந்தத் தாங்கிகளை வைத்து, பலகை போட்டு, தானே அதில் ஏறிப் படுத்துக்கொண்டாராம். லாரி வரும் வரைக்கும் அந்தக் குளிரில் அசையாமல் கிடந்தாராம். லாரி வந்ததும் கைபேசியில் படம் பிடித்தார். பிடித்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வந்தார்.

நான் அப்போது அறையில் இருந்தேன். மார்லிஸ் காபி எடுக்க வெளியே போயிருந்தாள். கர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, டுவேனின் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடித்தார். பனி மூடிய வயல், சாலை, சிவப்புத் தொழுவம். குன்றைச் சுற்றிக்கொண்டு வெள்ளி லாரி வந்து மெதுவாகத் திரும்பி உள்ளே போயிற்று.

டுவேன் முகமூடி வழியாக மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தார். இன்னொரு தடவை என்று கண் காட்டினார். மறுபடி பார்த்தார். முகமூடியை விலக்கச் சொன்னார்.

"வளைவுல… ரொம்ப வேகமா வர்றான்" என்றார்.

"சொல்றேன் அவன்ட்ட" என்றார் கர்ட்.

மார்லிஸ் காபியோடு வாசலில் வந்து நின்றாள். கர்ட்டின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வரவில்லை. அவர் போகும் வரை நடையிலேயே நின்றாள்.

டுவேன் அதற்குப் பிறகு சில நாட்கள்தான் இருந்தார். ஒரு காலையில், தாதி தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. மார்லிஸ் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி ரொட்டி, உருளைக்கிழங்கு, பெண்கள் ஆளுக்கொன்றாகச் செய்துகொண்டு வந்த இனிப்புகள். மார்லிஸ் உட்காரவே இல்லை. தட்டு எடுப்பதும் மேசை துடைப்பதுமாக இருந்தாள். "இன்னிக்காவது உக்காரேன்" என்று நான் கையைப் பிடித்தேன். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்" என்றாள். எல்லாரிடமும் கை குலுக்கினாள். கர்ட் வரிசையில் வந்தபோது மட்டும், அவருக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினாள். கர்ட் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

ஜனவரியில் வீடு முடிந்தது. கர்ட் சாவியைக் கொண்டுவந்தபோது நானும் இருந்தேன்.

"இந்த வீடு எனக்கு எதுக்கு?" என்றாள் மார்லிஸ்.

அவர் சாவியை மேசையில் வைத்தார். "ஏதாவது சரியில்லேன்னா கூப்பிடு மார்லிஸ்."

"கூப்பிட மாட்டேன்."

பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வேறு இடமும் இல்லை. போனாள். இரண்டு பேர் சேர்ந்து நடக்கக்கூடிய கதவுகள் வழியாகத் தனியாக நடந்தாள். விளக்குப் போட இருட்டில் சுவரைத் தடவுவாள், சுவிட்ச் அங்கே இருக்காது, கீழே இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். "தினமும் செவுத்தை அறையறேன்" என்பாள். படுக்கையறைக் கதவைச் சாத்தி வைத்தாள். முன்னறையில் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினாள். பள்ளிக்கு வந்து எப்போதும் போல அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். குரல் மட்டும் சின்னதாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையில் முந்தினார்கள். அவள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊரில் ஒருவரோடு பேசாமல் இருப்பது எளிதான காரியம் இல்லை. மளிகைக் கடையில் பார்க்கவேண்டும், சர்ச்சில் பார்க்கவேண்டும், மீன் வறுவல் விருந்தில் பார்க்கவேண்டும். மூன்று வருடம் கர்ட்டோடு அவள் ஒரு சொல் பேசவில்லை. அவருடைய மனைவி என்னிடம் வந்து அழுதாள். நான் மார்லிஸிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவன் வரையறப்பவே ஒரு தடவ குனிஞ்சு பாத்திருந்தா, டுவேன் அக்டோபர்லயே இங்க வந்திருப்பான்" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தான். பக்கத்து வீட்டுச் செவுத்த."

"ஜன்னலை இறக்கச் சொன்னது டுவேன்தானே?"

"தெரியும். அவன் போட்ட வீட்டுப் படத்தை நானும்தான் பாத்தேன். தினமும் அவனைப் படுக்க வெச்சு எடுக்கறவ நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நானும் நின்னுக்கிட்டே பாத்தேன்" என்றாள். கர்ட்டின் மேல் அவளுக்கிருந்த கோபம் எங்கே பிறந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான்காவது வருடம் அவளுக்கு முழங்கால் அறுவை நடந்தது. சாய்வு நாற்காலியில் தூங்கக் கூடாது, காலை நீட்டிக் கட்டிலில்தான் படுக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். உதவிக்கு நான் போய்த் தங்கினேன். படுக்கையறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, பெயிண்ட் வாசனை அப்படியே இருந்தது. என் வீட்டிலிருந்து ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டேன்.

அவளைப் படுக்கவைத்தபோது முகத்தை உத்தரத்தின் பக்கமே வைத்திருந்தாள். நான் தலையணையைச் சரிசெய்தேன், மாத்திரை கொடுத்தேன், பேசாமல் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல்தான் அவள் தலை திரும்பியது.

சாலை தெரிந்தது. பனி உருகிய வயல் தெரிந்தது. தொழுவம் தெரிந்தது, ஆனால் ஒரு பக்கம் கூரை இறங்கியிருந்தது. நெஸ்டிங்கன் போன கோடையில் மாடுகளை எல்லாம் விற்றுவிட்டார். கட்டுப்படியாகவில்லை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படிப் பல பேர் விற்றுவிட்டார்கள். நிலத்தை யாரோ சோளம் போட எடுத்திருந்தார்கள்.

"லாரி இனிமே வராதுல்ல?" என்றாள்.

"வராது."

"வந்தவரைக்கும் நான் பாக்கல." கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்காமல் சொன்னாள். "அன்னிக்குப் பக்கத்துல வந்து படுன்னு கூப்பிட்டான். பலகை தாங்காதுன்னேன். தாங்கியிருக்கும்."

நான் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். டுவேன் இறந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. முழங்கால் வலி, அதனால் குலுங்கவும் முடியாமல், உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் சூப் குடிக்கும்போது, "கர்ட்டைக் கூப்பிடு. இந்தச் சுவிட்சுங்களை மேல ஏத்தச் சொல்லு. எனக்கு வயசாகுது, இன்னும் செவுத்தை அறைஞ்சுக்கிட்டு இருக்க முடியாது" என்றாள்.

கர்ட் மறுநாள் காலையிலேயே கருவிப் பெட்டியோடு வந்து நின்றார். முடி முழுக்க நரைத்துவிட்டது. ஒவ்வொரு அறையாகச் சுவரை அறுத்து, சுவிட்சை மேலே ஏற்றி, ஓட்டையை அடைத்தார். கட்டிலிலிருந்தே மார்லிஸ் அதட்டிக்கொண்டிருந்தாள். "தூசி பறக்குது, ஈரத்துணி போடு." "கோணையா வெக்காத." அவர் எல்லாவற்றுக்கும் "சரி", "சரி" என்றார். படுக்கையறைச் சுவிட்சுக்கு வந்தபோது கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு போன்ல எடுத்த படம் இன்னும் எங்கிட்ட இருக்கு மார்லிஸ். பாக்கறியா?"

"அதுல அவன் பேசறானா?"

"இல்ல. லாரி மட்டும்தான். நடுவுல நான் இருமுவேன்."

"அப்ப வேண்டாம்" என்றாள் அவள். அவர் கருவியை மறுபடி எடுக்கும்போது, "நீ அவனுக்குக் காட்டினது நல்லது" என்றாள். கர்ட் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு மூக்கைத் துடைத்தார். பிறகு வேலையைப் பார்த்தார்.

முழங்கால் ஆறியதும் அவள் பள்ளிக்குத் திரும்பினாள். இரண்டு வருடம் கழித்து இருவருமாக ஓய்வு பெற்றோம். கர்ட் தொழிலை விட்டுவிட்டு, குளிர் இல்லாத ஊருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். மார்லிஸ் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். உத்தரத்தில் தூக்குகிற கருவிக்காக அடித்த கட்டை பலகைக்குப் பின்னால் சும்மா இருக்கிறது, குளியலறைக் கைப்பிடியை இப்போது அவள்தான் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் அங்கே போவேன். சூப் சுடவைத்துத் தருவாள், சீட்டு விளையாடுவோம். தோற்றால் என்னை ஏசுவாள், அந்தக் குரல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. டுவேன் பேச்சு வந்தால் அழுவதில்லை, பேச்சை மாற்றுவதும் இல்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் ஆடும் வரை நான் காத்திருப்பேன்.